பிளஸ் டூ முடித்ததும் ராணுவ அதிகாரி ஆகலாம்: இதை நம் பிள்ளைகளுக்கு யார் சொல்வது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிளஸ் டூ முடிவு வரும் வாரத்தில் எல்லா நாளிதழ்களும் ‘அடுத்து என்ன படிக்கலாம்’ என்று பக்கம் பக்கமாகப் போடுகின்றன. உங்கள் நாளிதழின் கல்வி மலரை நானும் விடாமல் படிப்பவன். பொறியியல், மருத்துவம், சட்டம், வேளாண்மை, கேட்டரிங், விஷுவல் கம்யூனிகேஷன் என்று ஒவ்வொன்றுக்கும் இடம் இருக்கிறது. முப்படைகளுக்கு மட்டும் ஓரத்தில் ஒரு சின்னப் பெட்டி, அதிலும் பெரும்பாலும் நான்கு ஆண்டுச் சிப்பாய் பணிக்கான அக்னிவீர் ஆள்சேர்ப்பு முகாம் எந்த ஊரில், எந்தத் தேதியில் என்பதுதான் இருக்கும். அது தேவையான செய்திதான், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அதே வயதில், அதே பிளஸ் டூ படிப்போடு, ராணுவத்திலும் கடற்படையிலும் விமானப்படையிலும் நேராக அதிகாரியாகப் போக வழி இருக்கிறது என்பது நம் அரசுப் பள்ளிப் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? நான் அரசு மேல்நிலைப் பள்ளியில் கணித ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன், தேசிய மாணவர் படையான என்சிசி பொறுப்பும் பார்த்திருக்கிறேன். வகுப்பில் ‘மிலிட்டரிக்குப் போகணும் சார்’ என்று கை தூக்கும் பையன்கள் எப்போதும் இருந்தார்கள். அவர்களில் என்டிஏ என்ற பெயரைக் கேள்விப்பட்டிருந்தவர்கள் அபூர்வம்.

அதனால் முதலில் விவரத்தையே சொல்லிவிடுகிறேன், தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். புனே அருகே கடக்வாஸ்லாவில் தேசியப் பாதுகாப்பு அகாடமி இருக்கிறது, அதைத்தான் என்டிஏ என்கிறோம். இதற்கான தேர்வை மத்திய அரசுப் பணியாளர் தேர்வாணையமான யுபிஎஸ்சி ஆண்டுக்கு இரண்டு முறை நடத்துகிறது. வழக்கமாக டிசம்பரில் அறிவிப்பு வந்து ஏப்ரலில் ஒரு தேர்வு, மே மாதம் அறிவிப்பு வந்து செப்டம்பரில் இன்னொரு தேர்வு. வயது ஏறத்தாழ பதினாறரையிலிருந்து பத்தொன்பதரைக்குள் இருக்க வேண்டும், திருமணம் ஆகியிருக்கக் கூடாது. பன்னிரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருக்கும்போதே விண்ணப்பிக்கலாம். கட்டணம் 100 ரூபாய், பெண்களுக்கும் எஸ்சி, எஸ்டி பிரிவினருக்கும் அதுவும் இல்லை. கணிதத்துக்கு 300 மதிப்பெண், பொது அறிவும் ஆங்கிலமும் சேர்ந்த தாளுக்கு 600, இதில் தேறினால் படைகளின் தேர்வு வாரியம் நடத்தும் எஸ்எஸ்பி நேர்காணலுக்கு 900. ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 400 இடங்கள். தேர்வாகிவிட்டால் மூன்று ஆண்டுப் படிப்பு, தங்குமிடம், சாப்பாடு, சீருடை எல்லாம் அரசுச் செலவு, டெல்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் (ஜேஎன்யு) பட்டம் கிடைக்கிறது. அதற்குப் பிறகு அந்தந்தப் படையின் அகாடமியில் பயிற்சி, அந்தக் கட்டத்தில் மாதம் 56,100 ரூபாய் உதவித்தொகை. லெப்டினன்டாகத் தோளில் நட்சத்திரம் ஏறும்போது அடிப்படைச் சம்பளமே 56,100, அதற்கு மேல் ராணுவப் பணிக்கான சம்பளம் 15,500, படிகள் தனி.

இதோடு அக்னிவீரை ஒப்பிட்டுப் பாருங்கள். முதல் ஆண்டில் மாதம் 30,000, அதில் 9,000 பணி முடியும்போது தரும் சேவா நிதிக்குப் பிடித்தம் போக கையில் 21,000. நான்கு ஆண்டு முடிந்ததும் நான்கில் ஒரு பங்குப் பேர் வரைதான் படையில் தொடர முடியும், மற்றவர்கள் ஏறத்தாழ 10 லட்சமும் வட்டியும் வாங்கிக்கொண்டு ஊர் திரும்ப வேண்டும். சிப்பாய் வேலை தாழ்ந்தது என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை, படையைத் தாங்கி நிற்பதே அவர்கள்தான். என் ஆதங்கம் வேறு. ஒரே வகுப்பறையில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த பையனுக்கு ஒரு வழி மட்டும் சொல்லப்படுகிறது, இன்னொரு வழி இருப்பதே சொல்லப்படாமல் அவன் பத்தொன்பதரை வயதைத் தாண்டிவிடுகிறான். அப்புறம் யார் சொல்லி என்ன பயன்?

இந்தச் செய்தி ஒன்பதாம் வகுப்பிலேயே போய்ச் சேர வேண்டும், பிளஸ் டூவில் சொன்னால் காலம் கடந்துவிடும். காரணம், குரூப். பதினொன்றாம் வகுப்பில் எந்தப் பாடப் பிரிவு எடுத்தாலும் என்டிஏவின் ராணுவப் பிரிவுக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் விமானப்படைக்கும் கடற்படைக்கும் இயற்பியல், வேதியியல், கணிதம் படித்திருக்க வேண்டும். பைலட் ஆக வேண்டும் என்று சின்ன வயதிலிருந்து சொல்லிக்கொண்டிருந்த ஒரு மாணவி, தோழிகள் எல்லாம் காமர்ஸ் எடுக்கிறார்கள் என்று தானும் அதை எடுத்துவிட்டு, பிளஸ் டூ பாதியில் வந்து என்னிடம் கேட்டாள். இப்போது மாற முடியுமா சார் என்று. முடியாது. இன்னொன்று, எந்தப் பிரிவில் படித்தவரானாலும் தேர்வில் கணிதத் தாள் எழுதித்தான் ஆக வேண்டும், ஆக கணக்கை விட்டுவிட்டுப் போனவர்களுக்கு ராணுவப் பிரிவும் கஷ்டம்தான். இதையெல்லாம் பத்தாம் வகுப்பு முடிக்கும் முன்பே ஒருவர் உட்கார்ந்து பேசியிருந்தால் அந்தப் பெண் வேறு முடிவு எடுத்திருப்பாள்.

பெண் பிள்ளைகள் என்றதும் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2021 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்ட பிறகுதான் என்டிஏ தேர்வைப் பெண்கள் எழுதவே முடிந்தது. அப்படிப் போன முதல் அணியில் 17 பேர் 2025 மே மாதம் பயிற்சி முடித்து வெளியே வந்தார்கள். இந்தச் செய்தியைப் படம் போட்டுப் பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டினால் போதும், கேள்விகள் தானாக வரும். பிள்ளைகளைப் படை அதிகாரிகளாக வரத் தயார்செய்யும் சைனிக் பள்ளிகளிலும் 2021-22 முதல் பெண்களைச் சேர்க்கிறார்கள். டேராடூனில் உள்ள ராஷ்ட்ரிய இந்திய ராணுவக் கல்லூரியான ஆர்ஐஎம்சியிலும் 2022 முதல் பெண்களுக்கு இடம் உண்டு. பொம்பளப் புள்ளைய பட்டாளத்துக்கா என்று கேட்கும் தாய்மார்களிடம் நான் வாதம் செய்வதில்லை. இந்த 17 பேரும் எங்கோ ஒரு வீட்டின் பெண்கள்தான் என்று மட்டும் சொல்வேன்.

இப்போது மொழி. என் மனதில் நெடுநாளாக இருக்கும் குறை இதுதான், இதை எழுதத்தான் உட்கார்ந்தேன் என்றுகூடச் சொல்லலாம். மத்திய ஆயுதக் காவல் படைகளின் காவலர் தேர்வை 2024 முதல் தமிழிலும் எழுதலாம். அதற்கு முந்தைய ஆண்டு அந்தப் படைகளில் ஒன்றான சிஆர்பிஎஃப் தேர்வில் தமிழ் இல்லை என்று அன்றைய முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் கடிதம் எழுதியதும் எல்லோருக்கும் நினைவிருக்கும். ராணுவத்தின் அக்னிவீர் பொது நுழைவுத் தேர்வும் 2025-இல் தமிழ் உள்பட 13 மொழிகளில் நடந்தது. நீட் 2017 முதல் தமிழில் இருக்கிறது. ஜேஇஇ மெயின் 2021 முதல் தமிழில் இருக்கிறது. ஆனால் என்டிஏ வினாத்தாள் இன்றைக்கும் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வருகிறது. அதாவது சிப்பாயாகவும் காவலராகவும் போகத் தமிழ் போதும், அதிகாரியாகப் போக இந்தியோ ஆங்கிலமோ வேண்டும். உத்தரப் பிரதேசத்திலோ ராஜஸ்தானிலோ தாய்மொழியில் படித்த ஒரு பையனுக்கு இந்தத் தேர்வு அவன் மொழியிலேயே கிடைக்கிறது, தமிழ்வழியில் படித்த நம் பையனுக்குக் கிடைப்பதில்லை. இது நியாயமா?

அதிகாரிக்கு ஆங்கிலம் தேவைதானே என்று ஓய்வு பெற்ற ராணுவ நண்பர் ஒருவர் என்னிடம் கேட்டார். தேவைதான். அதற்குத்தான் ஆங்கிலத்துக்கு 200 மதிப்பெண் தனியாக வைத்திருக்கிறார்கள், அது அப்படியே இருக்கட்டும். நான் கேட்பது கணிதமும் பொது அறிவும். ஒரு மாணவன் மூன்று உறுப்புக் கோவையைக் காரணிப்படுத்துகிறானா என்று பார்க்க அவன் எந்த மொழியில் கேள்வியைப் படித்தால் என்ன? கணிதத் தாளில் 120 கேள்வி, இரண்டரை மணி நேரம். ஒரு கேள்விக்கு 75 வினாடி. தவறான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் கழிப்பு வேறு. விடுமுறையில் சில பையன்களை வைத்துப் பழைய வினாத்தாள்களைப் போட்டுப் பார்ப்போம். கேள்வியை நான் தமிழில் வாசித்துச் சொன்னால் பேனாவை எடுத்து மூன்றே வரியில் முடித்துவிடுகிற பையன், அதையே தாளில் பார்க்கும்போது முதல் வரியை இரண்டு தடவை படிக்கிறான், விரலை வைத்துக்கொண்டே படிக்கிறான், 75 வினாடி அதிலேயே போய்விடுகிறது. இவனுக்குக் கணக்கு வராது என்று யார் சொல்ல முடியும்? என்டிஏவில் நட்பு நாடுகளைச் சேர்ந்த மாணவர்களும் வந்து பயிற்சி பெறுகிறார்கள், மூன்று ஆண்டு அங்கேயே தங்கிப் படிக்கும்போது மொழி தன்னால் வந்துவிடும். எந்தப் பிரிவில் சேர்கிறாரோ அந்த வீரர்களின் மொழியை அதிகாரி கற்றுக்கொள்வதும் நம் ராணுவத்தில் பழைய வழக்கம். சேர்ந்த பிறகு கற்றுக்கொள்ளக்கூடிய ஒன்றை வாசலிலேயே கேட்டுத் திருப்பி அனுப்ப வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். நம் நாடாளுமன்ற உறுப்பினர்கள் இதைக் கட்சி பார்க்காமல் எழுப்ப வேண்டும்.

தமிழில் எழுதக்கூடிய வழி ஒன்று இருக்கத்தான் செய்கிறது, ஆனால் அது ஆறாம் வகுப்பில் இருக்கிறது. திருப்பூர் மாவட்டம் அமராவதிநகரில் 1962 முதல் சைனிக் பள்ளி நடக்கிறது. கிருஷ்ண மேனன் பாதுகாப்பு அமைச்சராக இருந்தபோது தொடங்கிய திட்டம், சாதாரணக் குடும்பத்துப் பிள்ளைகளும் அதிகாரிகளாக வர வேண்டும் என்பதே நோக்கம். அதன் நுழைவுத் தேர்வை ஆறாம் வகுப்புச் சேர்க்கைக்குத் தமிழில் எழுதலாம், ஒன்பதாம் வகுப்புச் சேர்க்கைக்கு ஆங்கிலம் மட்டும். ஆறாம் வகுப்புக்கு வயது 10 முதல் 12, ஒன்பதாம் வகுப்புக்கு 13 முதல் 15. மூன்றில் இரண்டு பங்கு இடம் நம் மாநிலப் பிள்ளைகளுக்கு. கட்டணம் கொஞ்சம் பெரிய தொகைதான், பெற்றோர் வருமானத்தைப் பார்த்து உதவித்தொகை உண்டு. நான் இருப்பது அந்தப் பள்ளிக்குப் பக்கத்து ஊர்களில் ஒன்று. அணைக்குச் சுற்றுலா போகும் வழியில் அந்த வாசலைப் பார்த்துக்கொண்டே போகிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். உள்ளே தன் பிள்ளை படிக்கலாம் என்று அவர்களில் பலருக்குத் தோன்றுவதே இல்லை, அது மிலிட்டரிக்காரங்க வீட்டுப் பிள்ளைகளுக்கு என்று நினைத்துக்கொள்கிறார்கள். படைவீரர் குடும்பங்களுக்கு ஒதுக்கீடு உண்டு, அவ்வளவுதான், பள்ளி எல்லோருக்குமானது. டேராடூனில் 1922-இல் தொடங்கிய ஆர்ஐஎம்சி இன்னொன்று. எட்டாம் வகுப்பில் சேர்க்கை, பதினொன்றரை முதல் பதின்மூன்று வயதுக்குள். இதற்கான தேர்வை நம் மாநிலத்தில் டிஎன்பிஎஸ்சியே நடத்துகிறது. குரூப் ஃபோர் அறிவிப்புக்கு டிஎன்பிஎஸ்சி தளத்தைத் தினமும் திறந்து பார்க்கும் பெற்றோர்களே, அதே தளத்தில் உங்கள் ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கும் ஒரு அறிவிப்பு வருகிறது, பாருங்கள்.

என்சிசி பற்றிச் சொல்லாமல் விட முடியாது. குன்ஸ்ரு குழு சொல்லி, 1948-இல் சட்டம் போட்டு, அதே ஆண்டு ஜூலையில் தொடங்கிய அமைப்பு. அடுத்த ஆண்டே மாணவிகளுக்கும் பிரிவு வந்துவிட்டது. இதில் சேர்ந்தால் ராணுவத்துக்குப் போய்த்தான் ஆக வேண்டும் என்று இன்னும் பல பெற்றோர் நினைக்கிறார்கள். அப்படி எந்தக் கட்டாயமும் சட்டத்தில் இல்லை. பள்ளியில் இரண்டு ஆண்டு இருந்து ஏ சான்றிதழ், கல்லூரியில் பி, அப்புறம் சி. சி சான்றிதழில் பி கிரேடாவது வாங்கிப் பட்டப்படிப்பில் 50 சதவீதம் எடுத்தவர்கள், யுபிஎஸ்சி எழுத்துத் தேர்வே இல்லாமல் நேராக எஸ்எஸ்பிக்குப் போகும் சிறப்பு வழி ஒன்று இருக்கிறது. அவர்களுக்குப் பயிற்சி நடப்பது எங்கே என்று நினைக்கிறீர்கள்? சென்னை பரங்கிமலையில் உள்ள அதிகாரிகள் பயிற்சி அகாடமியும் (ஓடிஏ) அதில் ஒன்று. முகுந்த் வரதராஜன் பெயர் தெரியாத பிள்ளை இன்று தமிழ்நாட்டில் இல்லை, அவர் பட்டப்படிப்பு முடித்துவிட்டு அந்தப் பரங்கிமலையில்தான் பயிற்சி பெற்றார். ஆக பிளஸ் டூவில் என்டிஏ கிடைக்கவில்லை என்றால் கதை முடிந்துவிடவில்லை, கல்லூரிக்குப் போய் இன்னொரு முறை இந்த வாசலைத் தட்டலாம்.

ஆனால் எத்தனை அரசுப் பள்ளிகளில் என்சிசி இருக்கிறது? ஊருக்குள் போய்ப் பார்த்தால் தெரியும். செலவைப் பள்ளியே ஏற்றுக்கொண்டு நடத்தும் திட்டமும் வந்திருக்கிறது, அது பணம் உள்ள தனியார் பள்ளிகளுக்குத்தான் கைகொடுக்கும். என்சிசி பொறுப்பை எடுக்கும் ஆசிரியர் நாக்பூர் பக்கம் காம்ப்டிக்குப் போய்ப் பயிற்சி பெற்று வர வேண்டும், பெண் ஆசிரியர்களுக்குக் குவாலியர். வந்த பிறகு சனிக்கிழமை பரேடு, கோடை விடுமுறையில் முகாம், கணக்கு வழக்கு, சீருடை இருப்பு என்று எல்லாம் அவர் தலையில். அந்த ஆசிரியர் மாறுதலில் போனால் அடுத்தவர் கிடைக்கும் வரை அந்தப் பள்ளியின் என்சிசி படுத்துவிடும். நல்லபடியாக ஓடிக்கொண்டிருந்த ஒரு பள்ளியில் இப்படித்தான் ஆனது, பீரோவுக்குள் பெல்ட்டும் தொப்பியும் பூஞ்சை பிடித்துக் கிடந்ததை நானே பார்த்தேன். 2024-இல் நாடு முழுக்க 3 லட்சம் கேடட் இடங்களைக் கூட்டி 20 லட்சமாக ஆக்க ஒப்புதல் கிடைத்திருக்கிறது. அந்தக் கூடுதல் இடங்களில் நம் அரசுப் பள்ளிகளுக்கு எத்தனை என்று பள்ளிக் கல்வித் துறை கேட்டு வாங்க வேண்டும், பொறுப்பெடுக்கும் ஆசிரியருக்குப் பாடவேளையில் கொஞ்சம் தளர்வு கொடுக்க வேண்டும். இது பெரிய செலவு பிடிக்கும் விஷயம் இல்லை.

எழுத்துத் தேர்வைக்கூட ஒரு பையன் தனியாகப் படித்துத் தேறிவிடலாம். எஸ்எஸ்பி அப்படி இல்லை. ஐந்து நாள் தங்கவைத்துப் பார்க்கிறார்கள். முதல் நாளே மங்கலான ஒரு படத்தை 30 வினாடி காட்டுவார்கள், நான்கு நிமிடத்தில் அதற்கு ஒரு கதை எழுத வேண்டும், பிறகு பத்துப் பதினைந்து பேர் வட்டமாக உட்கார்ந்து எல்லோரும் சேர்ந்து ஒரு கதைக்கு வர வேண்டும். அதில் தேறாதவர்கள் அன்றைக்கே ஊருக்கு ரயில் ஏறிவிடலாம். தேறியவர்களுக்கு அடுத்தது 60 சொற்கள், ஒவ்வொன்றுக்கும் 15 வினாடி, மனதில் தோன்றியதை எழுத வேண்டும். 30 நிமிடத்தில் 60 சூழ்நிலைகளுக்குத் தீர்வு சொல்ல வேண்டும். பலகை, கட்டை, கயிறு இதை வைத்துக்கொண்டு குழுவாகத் தடைகளைத் தாண்ட வேண்டும். அங்கே அவர்கள் தேடுவது மனப்பாடத்தை இல்லை. நாலு பேர் நடுவில் ஒருவன் எப்படி நடந்துகொள்கிறான், மற்றவன் பேச்சைக் கேட்கிறானா, கட்டை நழுவும்போது ஓடிப்போய்ப் பிடிக்கிறானா, இதைத்தான் பார்க்கிறார்கள்.

நம் பள்ளிகளில் பன்னிரண்டு ஆண்டு படித்துவிட்டு ஒரு தடவைகூட வகுப்பின் முன்னால் நின்று பேசாமல் வெளியே போகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். காலை வழிபாட்டுக் கூட்டத்தைக் கவனித்துப் பாருங்கள், செய்தி வாசிப்பது, திருக்குறள் சொல்வது எல்லாம் நன்றாகப் பேச வருகிற அதே இரண்டு மூன்று பேர்தான், பார்வையாளர் வந்தாலும் அவர்கள், ஆண்டு விழாவிலும் அவர்கள். மற்ற நாற்பது பேரும் வரிசையில் நிற்பதோடு சரி. பதிவேட்டு வரிசைப்படி தினம் ஒருவர் இரண்டு நிமிடம் பேச வேண்டும் என்று ஒரு தலைமையாசிரியர் நினைத்தால் நாளையே செய்யலாம். முதல் முறை திக்கும், மூன்றாவது முறை திக்காது. இதற்குக் கோச்சிங் சென்டர் வேண்டாம், பெரிய நகரத்தில் விடுதி எடுத்துத் தங்கி ஆயிரக்கணக்கில் கட்டணம் கட்டவும் வேண்டாம். அந்தப் பழக்கம் எஸ்எஸ்பிக்கு மட்டுமா உதவும், எந்த வேலைக்குப் போனாலும் உதவும்.

சின்னதாகத் தோன்றும் சில விஷயங்களையும் எழுதிவிடுகிறேன், இவற்றால் கைக்கு வந்தது போனவர்கள் உண்டு. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இனிஷியல் ஒரு மாதிரி, ஆதாரில் அப்பா பெயர் முழுதாக விரிந்து வேறு மாதிரி, பிறந்த தேதியில் ஓர் எண் மாறி இருப்பது, இதையெல்லாம் விண்ணப்பிக்கும் அன்று பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள், பத்தாம் வகுப்பிலேயே சரி பார்த்துவிடுங்கள். அப்புறம் டாட்டூ. முன்கையின் உட்புறம், புறங்கை தவிர உடம்பில் வேறு எங்கே நிரந்தரமாகப் பச்சை குத்தியிருந்தாலும் பொதுவாக ஏற்கமாட்டார்கள், பழங்குடியினருக்கு மட்டும் சில விலக்கு. திருவிழாவில் நண்பர்களோடு சேர்ந்து தோளில் குத்திக்கொண்ட ஒரு சித்திரம் மூன்று ஆண்டு கழித்து மருத்துவப் பரிசோதனையில் வந்து நிற்கும். கண் பரிசோதனையும் அப்படியே, நிறங்களைப் பிரித்தறிவதில் குறை இருப்பது பல பிள்ளைகளுக்குப் பதினெட்டு வயது வரை தெரியாது. விமானப்படைக் கனவை வளர்த்துக்கொள்ளும் முன் ஒரு கண் மருத்துவரைப் பார்த்துவிடுவது நல்லது.

இயற்பியல், வேதியியல், கணிதத்தில் 60 சதவீதத்துக்கு மேல் எடுத்து ஜேஇஇ மெயினும் எழுதியவர்களுக்கு ராணுவத்தின் தொழில்நுட்ப நுழைவு இருக்கிறது, அதில் யுபிஎஸ்சி எழுத்துத் தேர்வு கிடையாது, நேராக எஸ்எஸ்பி. கடற்படைக்கும் கேரளத்து எழிமலை கடற்படை அகாடமியில் பி.டெக் படிக்க இதே போல ஒரு வழி உண்டு. உயிரியல் எடுத்த மாணவிகளுக்கு ராணுவச் செவிலியர் படிப்பு, மருத்துவத்துக்குப் புனேயில் உள்ள முப்படை மருத்துவக் கல்லூரியான ஏஎஃப்எம்சி, இரண்டுக்கும் நீட் மதிப்பெண் வேண்டும். ஜேஇஇ, நீட் எழுதும் நம் பிள்ளைகளுக்கு இந்த மதிப்பெண்ணை இங்கேயும் காட்டலாம் என்று ஒரு வார்த்தை சொன்னாலே போதும்.

நல்லதை மட்டும் சொல்லி யாரையும் அனுப்பிவைக்கக் கூடாது. என்டிஏவில் சேரும்போது பெற்றோர் பத்திரத்தில் கையெழுத்துப் போடுகிறார்கள், சொந்தக் காரணத்துக்காகப் பிள்ளை பாதியில் விலகினால் பயிற்சிச் செலவைத் திருப்பிக் கட்ட வேண்டி வரும். பயிற்சியின்போது பலத்த காயம் பட்டு வெளியேறும் கேடட்டுகளுக்கு முன்னாள் படைவீரர் என்ற தகுதி கிடைப்பதில்லை. இப்படி முடங்கிப்போன இளைஞர்களின் நிலையைப் பற்றிச் செய்தி வந்து, 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தானாகவே இதை விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. வீட்டில் உள்ளவர்கள் இதையும் தெரிந்துகொண்டுதான் முடிவெடுக்க வேண்டும். எல்லைப் பணி என்பது உயிர் சம்பந்தப்பட்டது, ஒரு தாய் பயப்பட்டால் அந்தப் பயத்துக்கு மரியாதை கொடுக்க வேண்டும், கோழைத்தனம் என்று பேசக் கூடாது. பள்ளிப் பிள்ளைகள் மனதில் யுத்த வெறியை ஏற்றுகிறீர்களா என்று சிலர் கேட்கிறார்கள். இல்லை ஐயா. விருப்பம் இல்லாத பிள்ளையை ஒருவரும் இழுத்துக்கொண்டு போக வேண்டாம். விருப்பம் இருக்கிற பிள்ளைக்கு இருக்கிற எல்லா வழியையும் காட்ட வேண்டும், அதில் உயர்ந்த பொறுப்புக்குப் போகிற வழியை வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் விட்டுவிடக் கூடாது.

மாநில அரசு ‘நான் முதல்வன்’ திட்டத்தில் யுபிஎஸ்சி குடிமைப் பணித் தேர்வுக்கு உதவித்தொகை கொடுத்துப் பயிற்சி தருகிறது, நல்ல பலனும் கிடைத்திருக்கிறது. அதே யுபிஎஸ்சி நடத்தும் என்டிஏ தேர்வையும் அதன் கீழ் கொண்டுவந்து, மாவட்டத்துக்கு ஓர் அரசுப் பள்ளியிலாவது சனி, ஞாயிறு வகுப்பு நடத்தலாம். ஓய்வு பெற்ற அதிகாரிகளும் ஹவில்தார்களும் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார்கள், கூப்பிட்டால் பணம் வாங்காமல் வந்து சொல்லிக்கொடுப்பார்கள். கணக்குச் சொல்லிக்கொடுக்க என்னைப் போன்றவர்களும் இருக்கிறோம்.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான் ஆசிரியர் அவர்களே. என்டிஏ அறிவிப்பு வருகிற அன்று, எந்தத் தேதிக்கும் எந்தத் தேதிக்கும் இடையில் பிறந்தவர்கள் எழுதலாம், கடைசி நாள் எது, எந்தப் பாடப் பிரிவுக்கு எந்தப் படை, இந்த மூன்றையும் கொட்டை எழுத்தில் தமிழில் போடுங்கள். ஆண்டுக்கு இரண்டு நாள், அரைப் பக்கம். சைனிக் பள்ளி, ஆர்ஐஎம்சி அறிவிப்புகளுக்கும் அப்படியே. நூலகத்தில் வாங்கும் நாளிதழிலிருந்து வெட்டி ஒட்ட ஒவ்வொரு பள்ளியிலும் ஒரு ஆசிரியராவது இருப்பார்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கணித ஆசிரியர்,
உடுமலைப்பேட்டை வட்டம்.